கழகம் போன பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதப் பகுதியில், வெளிநாடுகளில் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்கள் ஊர்விட்டு ஊர் மாறுவதுண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உள்ளூர் லீக் ஆட்டங்களைப் பற்றி எழுதிய நான்கு பந்திகளுக்கு வந்தவற்றைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே அதிகம். ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் தம்பி இலண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறான். அவனது அயலில் இருந்த விம்பிள்டன் கழகம் வேறு நகரத்துக்குப் போய்விட்டது என்கிறான். ஆனால் விம்பிள்டன் கழகம் இன்றும் அங்கேயே ஆடுகிறது என்றும் சொல்கிறான். ஒரு கழகம் எப்படி இரண்டு இடத்தில் இருக்கும்?
– நாவாந்துறை வாசகர்

பதில்: மிச்சம் என்ற அந்த இடப்பெயர் தமிழ்க் காதுக்கு வேறொரு பொருளும் தருகிறது, இந்தக் கதைக்கு அது பொருந்தியும் வருகிறது. உங்கள் தம்பி சொன்ன இரண்டும் உண்மை.

விம்பிள்டன் கழகம் 1889 இல் தோன்றியது. நெடுங்காலம் சிறிய லீக்குகளில் ஆடிவிட்டு 1977 இல்தான் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்கிற்குள் நுழைந்தது. ஒன்பதே ஆண்டுகளில் முதற்பிரிவை எட்டியது. 1988 ஆம் ஆண்டு எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், அன்று யாரும் அசைக்க முடியாதிருந்த லிவர்பூல் அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. லோறி சான்செஸ் தலையால் முட்டிப் போட்ட ஒரு கோலும், பந்துக்காப்பாளர் டேவ் பெசன்ற் பாய்ந்து தடுத்த தண்ட உதையுமே அன்றைய ஆட்டத்தின் கதை.

அடுத்த ஆண்டு, 1989 இல், ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் இரசிகர்கள் இறந்த அனர்த்தம் நடந்தது. அதன்பின், மேற்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் பார்வையாளர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. விம்பிள்டனின் பழைய மைதானமான பிளவ் லேன் அதற்கு ஈடுகொடுக்காது என்று சொல்லி, கழகம் 1991 இல் அங்கிருந்து வெளியேறி, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானத்தில் ஒட்டுக்குடியாக இருந்தது. ஒட்டுக்குடியிருப்பு பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. சொந்த நிலம் இல்லாத கழகத்தை எங்கும் கொண்டுபோகலாம் என்று உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் மில்ரன் கீன்ஸ் என்ற புதிய நகரத்துக்குப் போவதற்கு அவர்கள் கேட்ட அனுமதியை, மூவர் கொண்ட ஆணைக்குழு 2002 மே 28 அன்று இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வழங்கியது. இரசிகர்கள் தாமே ஒரு புதிய கழகம் தொடங்கினால் அது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததாகாது என்ற கருத்தும் அந்த அறிக்கையில் இடம்பெற்றிருந்தது.

இரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். தீர்ப்பு வந்து சில நாட்களுக்குள் கழகம் தொடங்க முடிவெடுத்து, அடுத்த மாதமே விம்பிள்டன் பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். விரும்பியவர் எவரும் வரலாம் என்ற அந்தத் தேர்வுக்கு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஏ. எஃப். சி. விம்பிள்டன் என்ற பெயரில் ஒன்பதாம் படியிலிருந்து ஆடத் தொடங்கிய அந்தக் கழகத்துக்கு முதற்பருவத்தில் வந்த சராசரிக் கூட்டம், இன்னும் இலண்டனிலேயே ஆடிக்கொண்டிருந்த பழைய கழகத்துக்கு வந்த கூட்டத்தை மிஞ்சியது. பழைய கழகம் 2003 இல் இடம் மாறி, 2004 இல் பெயரையும் மில்ரன் கீன்ஸ் டொன்ஸ் என்று மாற்றிக்கொண்டது. புதிய கழகமோ படிப்படியாக ஏறி, 2011 இல் லூற்றன் ரவுணைத் தண்ட உதைகளில் வென்று லீக்கிற்குள் நுழைந்தது.

இதற்கிடையே 2007 இல் நடந்த ஒன்றைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1988 இன் கிண்ணத்தின் பிரதி உட்பட பழைய வெற்றிச் சின்னங்களையும் அவற்றின் வரலாற்றையும் மில்ரன் கீன்ஸ் கழகம் விட்டுக்கொடுத்தது; அவை விம்பிள்டன் அடங்கிய மேர்ட்டன் நகரசபையின் பொறுப்பில் வந்தன. லீக்கில் அக்கழகத்துக்கு இருந்த இடம் மில்ரன் கீன்ஸுக்குப் போயிற்று. லிவர்பூலை வென்றது யார் என்று கேட்டால் இன்று எல்லாரும் மேர்ட்டன் பக்கமே கைகாட்டுவார்கள்.

2020 நவம்பரில், பழைய பிளவ் லேனுக்குக் கூப்பிடு தூரத்தில், இரசிகர்களின் பணமும் சேர்ந்து எழுந்த புதிய மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டால் உள்ளே இரசிகர் ஒருவரும் இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்த ஆட்டத்தை வீட்டிலிருந்துதான் பார்த்தார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் அணிகள் இடம் மாறுவது வழக்கம் என்கிறார்கள். இரசிகர் நிறைந்த ஊரை விட்டு ஏன் போகிறார்கள்?
– மானிப்பாய் மாணவர்

பதில்: தம்பி, அங்கே உதைபந்தாட்டம் என்று சொல்லப்படுவது முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளும். அதன் தேசிய லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. கீழிருந்து வென்று மேலே வருவதும், தோற்றுக் கீழே போவதும் அங்கே இல்லை. அணி என்பது ஓர் உரிமம். அந்த உரிமத்தை விரும்பும் நகரங்களின் எண்ணிக்கை எப்போதும் உரிமங்களின் எண்ணிக்கையைவிட அதிகம். எனவே உரிமையாளர் தன் நகரசபையிடம் போய், புதிய மைதானம் கட்டித் தாருங்கள், இல்லாவிட்டால் கட்டித் தருகிறவரிடம் போகிறேன் என்று சொல்ல முடிகிறது. கூட்டம் நிறைந்திருக்கிறதா என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். செல்வந்தருக்கான தனியறைகள், வாகனத் தரிப்பிடம், விளம்பரப் பலகை ஆகியவற்றின் வருமானம் யாருக்குச் சேர்கிறது என்பதே முதற் கேள்வி. ஓக்லாந்திலிருந்த ரெய்டர்ஸ் அணி 2020 இல் லாஸ் வேகாஸுக்குப் போனபோது, அங்குள்ள விடுதி அறைகளின் மீதான வரியிலிருந்து மைதானத்துக்கென 750 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அதே அணி 1982 இல் ஒருமுறை ஓக்லாந்தை விட்டு லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், 1995 இல் திரும்பி வந்திருந்தது. இருமுறை கைவிடப்பட்ட ஊர் அது.

பால்ரிமோர் நகரத்தின் கதையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அங்கிருந்த கோல்ற்ஸ் அணியின் உரிமையாளர் றொபேட் ஏர்சே மைதானத் தகராற்றில் வேறு நகரங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அணி கைநழுவுவதைக் கண்ட மாநிலச் சட்டசபை, வீதி அகலிக்கக் காணி சுவீகரிப்பதைப் போல அணியையே சுவீகரிப்பதற்கு ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. காணி சுவீகரிப்பு என்ற சொல்லுக்கு நம்மவர் அஞ்சுவர். அங்கே அதை விரும்பி எதிர்பார்த்தது மக்கள், அஞ்சியவர் உரிமையாளர். சட்டமூலம் சட்டமாவதற்கு முன்பு, 1984 மார்ச் 28 ஆம் திகதி இரவு, பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருக்கையில், மேபிளவர் என்ற வீடுமாற்றும் நிறுவனத்தின் லொறிகள் அணியின் பயிற்சி வளாகத்துக்குள் வரிசையாக நுழைந்தன. தலைக்கவசங்கள், கோப்புகள், எடைதூக்கும் கருவிகள் எல்லாம் ஏற்றப்பட்டன. பொழுது விடிந்தபோது பால்ரிமோரில் அணி இல்லை. ஏறத்தாழ 900 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இண்டியானாபொலிஸில், கூரையிட்ட புதிய மைதானம் ஒன்று காத்திருந்தது. கோல்ற்ஸின் மாபெரும் ஆட்டக்காரரான ஜொனி யுனைற்றஸ், தன் பெயரை இண்டியானாபொலிஸோடு சேர்த்துப் பேச இறுதிவரை இடங்கொடுக்கவில்லை.

பதினோர் ஆண்டுகளின் பின், அதே பால்ரிமோர் கிளீவ்லாந்திலிருந்து பிரவுண்ஸ் அணியை அழைத்துக்கொண்டது. உரிமையாளர் ஆர்ட் மொடெல் அதனை 1995 நவம்பர் 6 அன்று அறிவித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. அந்த அணியின் மைதானத்தைத் திருத்துவதற்காக மதுவுக்கும் சிகரெட்டுக்குமான வரியைத் தொடரலாமா என்பதே கேள்வி. அணி போகிறது என்று தெரிந்த பின்பும் மக்கள் ஆம் என்று வாக்களித்தார்கள்.

டிசம்பர் 17 அன்று நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் பிரவுண்ஸ் வென்றது. மலிவுச் சீட்டுப் பகுதியிலிருந்த இரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி மைதானத்துக்குள் எறிந்தார்கள். இறுதிக் கால்பகுதியில், ஆபத்துக் கருதி ஆட்டத்தையே மறுமுனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அதே பகுதிக்கு ஓடிச்சென்று, இருக்கை எறிந்த அதே மனிதர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வழக்குகளும் எதிர்ப்புகளும் எழுந்ததால் 1996 தொடக்கத்தில் ஓர் இணக்கம் ஏற்பட்டது: ஆட்டக்காரரும் உரிமையும் பால்ரிமோருக்கு, பெயர், நிறம், பழைய சாதனைப் பதிவுகள் ஆகியன கிளீவ்லாந்துக்கு. 1999 இல் அதே பெயரோடு புதிய அணி அங்கே தொடங்கியது. பால்ரிமோருக்குப் போன அணி ரேவன்ஸ் என்ற புதுப்பெயரில், 2001 ஜனவரியிலேயே பெருங்கிண்ணத்தை வென்றது. கிளீவ்லாந்தில் அந்த வெற்றியை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஆடுகிறவர்கள் அதே ஆட்டக்காரர்கள்தானே, புதிய ஊரில் ஆடினாலும் தொலைக்காட்சியில் பார்த்து ஆதரிக்கலாமே?
– கரவெட்டி வாசகி

பதில்: சிலர் அப்படியும் செய்கிறார்கள், அம்மா. ரெய்டர்ஸ் அணிக்கு, அது எங்கே போனாலும் விடாமல் பின்தொடர்ந்தவர்கள் உண்டு. ஆனால் ஆட்டக்காரர்கள் எந்தக் கழகத்திலும் சில பருவங்களுக்கு மேல் தங்குவதில்லை. அவர்கள் மாறிக்கொண்டே இருக்க, மாறாதிருந்தது ஊரின் பெயர் ஒன்றுதான். அதை அழித்துவிட்டு ஆதரவை மட்டும் கேட்பது அடுக்காது. 2017 ஜனவரியில் சான் டியேகோவின் சார்ஜர்ஸ் அணி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போவதாக அறிவித்தபோது, இரசிகர்கள் தங்கள் மேலாடைகளைக் கொண்டுவந்து அணியின் அலுவலக வாசலில் குவித்தார்கள். வீடுமாற்றும் லொறி நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து, அந்த அணியின் பொருட்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன. பால்ரிமோரின் அந்த இரவை அவர்கள் மறக்கவில்லை போலும்.

கேள்வி: 1995 இல் ஊரே எழும்பி நடந்ததைக் கண்ட நமக்கு, ஒரு பந்தாட்ட அணி போய்விட்டதென்று வளர்ந்த மனிதர்கள் அழுவது விளையாட்டாகத் தோன்றவில்லையா?
– சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: தோன்றுகிறது, ஐயா. மேலே எழுதிய திகதிகளைச் சரிபார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது: வலிகாமத்து மக்கள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து உங்கள் தென்மராட்சிக்குள் வந்த 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதிக்குச் சரியாக ஏழு நாட்களின் பின்தான் மொடெல் தன் அறிவிப்பை வெளியிட்டிருக்கிறார். அந்த ஏழாம் நாள் நாங்கள் உங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றில், மூன்று வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தோம். கிளீவ்லாந்து என்றோர் ஊர் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு துயரங்களையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன்.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமா எங்கள் ஊர்க் கழகத்தின் பொருளாளராக இருந்தவர். அன்றிரவு மழையில் அவர் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் அரிசிப் பை ஒன்றும், அம்மம்மாவின் மருந்துப் பெட்டியும், சாரத்தில் சுற்றிய ஒரு கிண்ணமும், பொலித்தீன் பையில் கழகத்தின் அங்கத்தவர் பதிவேடும் இருந்தன. கிண்ணத்தை ஏன் தூக்கினாய் என்று அம்மா ஏசினார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு கொத்து அரிசி வந்திருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. பிறகு அதே கிண்ணத்தில்தான் ஆறு மாதமாக எங்கள் வகுப்பறையிலிருந்த நான்கு குடும்பங்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தன. அதன் ஒரு கைப்பிடி அப்போதுதான் உடைந்தது. பதிவேட்டை நான் பின்னர் பார்த்திருக்கிறேன். 1996 தை மாதத்துக்கு நேரே மூன்று பேரின் சந்தாப் பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. மைதானம் இல்லை, பந்து இல்லை, அணி எத்தனை துண்டாகப் போயிற்று என்பதும் தெரியாது. இருந்தும் மூவர் சந்தா கட்டியிருக்கிறார்கள், மாமா வரவு எழுதியிருக்கிறார்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களுக்கு இது இன்னும் நீளமான கதை. அவர்களுடைய நிலம் பல பத்தாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டது. பிறந்த ஊரைப் பார்க்காத பிள்ளைகள், அந்த ஊரின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு பிறர் ஊர் மைதானங்களில் ஆடினார்கள். கிளீவ்லாந்தில் மக்கள் இருக்க அணி போயிற்று. இங்கே மண் இருக்க மக்கள் போனார்கள், அணியையும் கூடவே கொண்டுபோனார்கள். அதனால்தான், பெயரையும் நிறத்தையும் பதிவேட்டையும் தந்துவிட்டுப் போ என்று கிளீவ்லாந்துக்காரர் வழக்காடியதை வாசித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடும் துடுப்பாட்ட அணி நம் மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. நாமும் கைவிடப்பட்ட இரசிகர்களா?
– திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்

பதில்: கைவிடுவதற்கு முதலில் வந்திருக்க வேண்டும். லங்கா பிரீமியர் லீக் தொடங்கிய 2020 இல் அந்த அணியின் பெயர் ஜஃப்னா ஸ்ராலியன்ஸ்; அடுத்த ஆண்டு உரிமை கைமாறியதும் ஜஃப்னா கிங்ஸ் ஆயிற்று. முதல் மூன்று பருவங்களிலும், பின்னர் 2024 இலும் கிண்ணம் வென்றது. ஆட்டங்கள் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் கண்டியிலும் தம்புள்ளையிலும் நடந்தன; அதற்கேற்ற மைதானம் இங்கே இல்லை என்பதே காரணம். நாளை அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஊரின் பெயரை ஒட்டினால் நமக்குக் கோபம் வரும், ஆனால் எந்த வாசலில் மேலாடையைக் குவிப்பது என்று தெரியாது. நம் பெயர் வெல்வதைப் பார்த்து மகிழ்வதில் குற்றமில்லை. நானும் மகிழ்ந்தேன். துரையப்பா விளையாட்டரங்கில் கரையோரக் கிராமத்துக் கழகங்கள் இரண்டு மோதும் மாலையில், வேலியோரம் நிற்கும் கிழவர் பின்காவலரைப் பேர்சொல்லி ஏசுவதும், அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வதும் வேறு வகை.

கேள்வி: இப்படிப் போவதைச் சட்டத்தால் தடுக்க முடியாதா?
– கொக்குவில் வாசகர்

பதில்: சில இடங்களில் முடிந்திருக்கிறது. பிரவுண்ஸ் போனதும் ஒஹாயோ மாநிலம் 1996 இல் ஒரு சட்டம் இயற்றியது: பொதுப்பணத்தின் துணையோடு எழுந்த மைதானத்தில் ஆடும் அணி வெளியேறுவதானால் ஆறு மாத முன்னறிவித்தல் தந்து, உள்ளூரார் விலைக்கு வாங்குவதற்கு வாய்ப்பும் கொடுக்க வேண்டும். 2017 இல் அதே மாநிலத்தின் கொலம்பஸ் குறூ கழகத்தை – இது நம் உதைபந்தாட்டம்தான் – ஒஸ்ரின் நகரத்துக்குக் கொண்டுபோக உரிமையாளர் முயன்றபோது, இரசிகர்களின் இயக்கமும் இந்தச் சட்டத்தின்படி தொடுத்த வழக்கும் சேர்ந்து, கழகத்தை உள்ளூர் முதலீட்டாளரின் கையில் சேர்த்தன. 2020 இல் அது லீக்கின் கிண்ணத்தை வென்றது.

இதைவிட உறுதியான வழி, கழகத்தை ஊரே வைத்திருப்பது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மட்டும் வாழும் கிறீன் பே என்ற அமெரிக்க நகரத்தின் பக்கர்ஸ் அணி – இது மீண்டும் அந்த முட்டைப் பந்து லீக் – 1923 முதல் பங்குதாரர்களுக்கு உரியது. இன்று அவர்களின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டும். பங்கிலாபம் ஒரு சதமும் கிடையாது, அணியும் எங்கும் போகாது. மற்ற அணிகள் இந்த வழியைப் பின்பற்ற லீக்கின் விதிகள் இடந்தருவதில்லை என்பதிலிருந்தே அதன் வலிமையை அறியலாம்.

கேள்வி: அணி போன பிறகும் விசுவாசமாக இருந்தவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?
– அச்சுவேலி வாசகி

பதில்: பால்ரிமோர் கோல்ற்ஸ் அணியின் பாண்ட் வாத்தியக் குழு. லொறிகள் வந்த அந்த இரவில் குழுவின் சீருடைகள் சலவைக்குப் போயிருந்தபடியால் தப்பின. குழுவினர் அவற்றைச் சலவைக்கடையிலிருந்து எடுத்துச் சென்று, இண்டியானாபொலிஸ்காரர் கண்ணில் படாதபடி ஒரு கல்லறை மண்டபத்துக்குள் மறைத்து வைத்தார்கள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், வாசிப்பதற்கு ஓர் அணி இல்லாமலே, பழைய பெயரோடும் பழைய சீருடையோடும் ஊர்வலங்களிலும் வேற்று அணிகளின் இடைவேளைகளிலும் வாசித்துக்கொண்டு திரிந்தார்கள். புதிய மைதானத்துக்கான நிதி சட்டசபையில் விவாதிக்கப்பட்டபோது அதன் வாசலிலும் போய் வாசித்தார்கள். மைதானம் கிடைத்தது. 1996 இல் அவர்கள் தாளம் கொட்டி வரவேற்ற அணி, கிளீவ்லாந்திலிருந்து எடுத்து வரப்பட்ட அணி.